சொல்லிவிட்டுப் போன வீடு

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே அன்னத்தாய்க்கு எரிச்சல் வரும். குழந்தைகள் நலப் பிரிவில் தலை நரைக்கிற வரை வேலை பார்த்தவள் அவள். அவளுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்கள் இன்று மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். அப்படிப்பட்டவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று ஒருவர் சொல்லித்தருவாராம். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியைப் பிடித்து, சுவரெல்லாம் சார்ட் ஒட்டி, களப்பணியாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் கலந்து வட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். மேலே சுற்றிய மின்விசிறி காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்னத்தாய் மேற்பார்வையாளர். அவளிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் ஒன்றுதான்: சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது.

"நாம என்ன போலீஸா, கதவைத் தட்டி மிரட்டுறதுக்கு?" என்பாள். "முதல் நாளே ஒரு போனைப் போடுங்க. வீடு வாசலக் கூட்டி வச்சிருப்பாக, பாலு வாங்கி வச்சிருப்பாக. காப்பி குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க. காப்பி வேண்டாம்னு சொன்ன வீட்டுல நமக்குப் பேச்சும் கிடையாது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. திடுதிப்பென்று அரசாங்க ஆள் வாசலில் வந்து நின்றால் தெருவே கூடிவிடும், அந்த வீட்டுக்காரி ஒரு மாதத்துக்குத் தலை நிமிர மாட்டாள். சொல்லிவிட்டுப் போனதால்தான் அன்னத்தாய் முகத்தில் இதுவரை யாரும் கதவைச் சாத்தியதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் இம்மானுவேல். பிறந்தது ராயப்பன்பட்டி, இருப்பது மதுரையில். பாதிரியார் போல மெதுவான குரல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தக்காளிச் சோறு கண்ணைச் செருகுகிற நேரத்தில், எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். பாதிப் பேர் ஏற்கெனவே மூடித்தான் இருந்தார்கள்.

"கடைசியா நீங்க போய்ப் பாத்த பிள்ளைய நெனச்சுக்கோங்க," என்றார். "இப்ப அந்தப் பிள்ளையப் பத்தி எனக்குச் சொல்லுங்க. வீட்டப் பத்திச் சொல்லக் கூடாது. பெரியவுகளப் பத்திச் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடம், மார்க்கு, ஒண்ணும் வேண்டாம். பிள்ளைய மட்டும் சொல்லுங்க."

சுலபமான கேள்விதான். போடிக்காரர் ஒருவர் எழுந்து, "மாநிறம் சார்" என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, "சாதுவான பிள்ளை சார்" என்றார். அடுத்தவரும் மாநிறம் என்றார். மூன்றாமவர் பிள்ளையின் மாமாவைப் பற்றி ஆரம்பித்து, கையமர்த்தப்பட்டு உட்கார்ந்தார். அன்னத்தாய்க்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடுத்தது தன் முறை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கும் மாநிறத்தைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நல்லவேளையாக மகிழன் கையைத் தூக்கினான். அவள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன், துடியானவன்.

"நான் சொல்றேன் சார். தேவாரத்துல கயல்னு ஒரு பொண்ணு. பன்னெண்டு வயசு. போன வாரம் போனப்ப என் பேனாவ வாங்கி ஒரு மயில் வரைஞ்சு குடுத்துச்சு. சோத்தாங்கையில மோதிரம் போட்டிருந்துச்சு. மோதிரம் பேனாவுல இடிக்க இடிக்க, கழட்டாமலே வரைஞ்சுச்சு. சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

இம்மானுவேலின் முகம் மலர்ந்தது. அன்னத்தாய்க்கும் மனம் குளிர்ந்தது. நம்ம பையன் அல்லவா!

வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து திரிஷா சிரித்தாள். இப்போது கடமலைக்குண்டுப் பக்கம் வேலை பார்க்கிறவள். அதற்கு முன்பு தேவாரம் அவள் கையில்தான் இருந்தது. அம்மா செத்து, அப்பா போன இடம் தெரியாமல் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த கயலை, தேவாரத்தில் பெரியம்மா முத்துமாரியம்மாள் வீட்டில் கொண்டுபோய் விட்டவளே திரிஷாதான். அதற்குக் கொஞ்ச நாளிலேயே அவளை மாற்றிவிட்டார்கள்.

"சோத்தாங்கையா? நம்ம கயல் நொட்டாங்கைக்காரில்ல மகிழா! சோறு உண்றதே அந்தக் கையிலதான். இல்லத்துல அதுக்கு எத்தனை பேச்சு வாங்கியிருக்கா."

"பெரியம்மா மாத்திப் பழக்கியிருப்பாக," என்றாள் அன்னத்தாய் சட்டென்று.

"இருக்கும் மேடம்." திரிஷா மகிழனைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "புருவத்துல அந்தத் தழும்பு இன்னும் இருக்கா? ஊஞ்சல்ல விழுந்து கிழிச்சுக்கிட்டா. அந்த எடத்துல முடியே முளைக்கல."

மகிழன் கண் அங்கும் இங்கும் அலைந்தது, எதையோ தேடுகிற மாதிரி.

"தழும்பு எதுவும் இல்லியே அக்கா," என்றான்.

மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். திரிஷா எழுந்து வந்து தன் போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். இல்லத்து ஆண்டு விழாவில் எடுத்தது. ஒல்லியான ஒரு பெண், பாதிப் புருவத்தோடு, இடது கையில் பரிசுக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து நின்றாள். ஆபீசில் இருந்ததோ ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன பழைய படம். அதில் யாரைப் பார்த்தாலும் யாரோ மாதிரிதான் இருக்கும்.

"இது இல்லக்கா," என்றான் மகிழன். "நான் மாசாமாசம் பாக்குறது இந்தப் பிள்ளை இல்ல."

அன்னத்தாய் போனை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியும். மகிழனுக்குத் தெரியாத இந்தப் பிள்ளையை அவள் பார்த்திருக்கிறாள், அதே தேவாரத்து வீட்டில், அரை அடி தூரத்தில்.

மகிழனை முதல் தடவையாக அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனது அவள்தான். முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனாள். முன்னறையில் பாய் விரித்திருந்தது. முத்துமாரியம்மாள் தலையில் பூ வைத்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்பில், எண்ணெய் வழிய ரெட்டைச் சடை போட்டு ஒரு பெண். "இவதான் கயலு" என்றாள் முத்துமாரி. "எம் மக மாதிரிதான் வளக்குறேன்." உள்ளேயிருந்து இன்னொரு பெண் காப்பி கொண்டு வந்தாள். கலைந்த தலை, முடி முகத்தில் விழுந்து கிடந்தது. டம்ளரை இடது கையால் நீட்டினாள்.

"நொட்டாங்கையில நீட்டாதன்னு எத்தன தடவ சொல்றது!" என்று முத்துமாரி அதட்டினாள். "ஒத்தாசைக்கு வர்ற பிள்ளைக்கா. சொந்தத்துலதான். ஒரு வெவரமும் தெரியாது."

அன்னத்தாய் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல வார்த்தை நாலு சொல்லுவது அவளுக்குப் பழக்கம்.

"சோத்தாங்கையால குடும்மா," என்றாள். "அதான் மரியாதை."

அந்தப் பிள்ளை டம்ளரைக் கை மாற்றிக் கொடுத்தது. அன்னத்தாய் காப்பியைக் குடித்தாள். ஏலக்காய் தட்டிப் போட்ட காப்பி. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

அவள் போனைத் திரிஷாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "காப்பி கொண்டு வந்த பிள்ளை," என்றாள். "கயலு... கயலு நமக்குக் காப்பி கொண்டு வந்துச்சுடா மகிழா."

மகிழன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இம்மானுவேல் வந்து பக்கத்தில் நின்றார். தெரிந்த பாடம் எல்லாம் அவருக்கும் மறந்துபோயிருக்க வேண்டும்.

அன்னத்தாய் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். கட்டைவிரல் தானாக ஓடி முத்துமாரியம்மாள் பெயரில் போய் நின்றது. திரிஷா எட்டிப் பார்த்தாள்.

"மேடம், யாருக்குப் பேசப் போறீங்க?"

"முத்துமாரிக்கு. இப்ப வர்றோம்னு ஒரு வார்த்தை..."

பேச்சு பாதியில் நின்றது. தன் விரலையே பார்த்தாள் அவள். அவ்வளவும் தெரிந்த பிறகும் அது எங்கே போய் நின்றிருக்கிறது! போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஆபீஸ் வண்டியில் அன்னத்தாயும் திரிஷாவும் மகிழனும் போடி தாண்டித் தேவாரம் போனார்கள். குழந்தைகள் நலக்குழுத் தலைவரிடம் திரிஷாதான் போனில் பேசி, பிள்ளையை அழைத்துவர அனுமதி வாங்கினாள். முத்துமாரிக்கு அதே வயதில் சுபாஸ்ரீ என்று ஒரு மகள் இருப்பதையும் அவள்தான் சொன்னாள். மகிழன் ஜன்னல் பக்கம் திரும்பி மேற்குமலையைப் பார்த்தபடி வந்தான். மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அன்னத்தாய்க்கு ஒரே ஒரு நினைப்பு. அந்தப் பிள்ளை இன்னும் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் போதும்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து முத்துமாரி திறந்தாள். அன்னத்தாயைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. பிறகு சிரிப்பு வந்தது.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம! வீடு கிடக்குற கிடப்புல... ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"கயல் எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காக்கா. இன்னும் வரல."

முன்னறையில் பாய் இல்லை. மூட்டைகள் இருந்தன. வீடு முழுக்க ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைத்தது. உள்ளே யாரோ சுளகில் புடைக்கிற சத்தம் சரக் சரக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"கயலு!" என்று கூப்பிட்டாள் திரிஷா.

சுளகுச் சத்தம் நின்றது.

முத்துமாரி குறுக்கே வந்தாள். திரிஷா அவளை விலக்கிவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்படி வாசலில் அந்தப் பிள்ளை எழுந்து நின்றிருந்தது. கலைந்த தலை, பாதிப் புருவம். தரையில் ஏலக்காய் தரம் பிரித்துக் குவித்துக் கிடந்தது. விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது. திரிஷா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை அழவில்லை. திரிஷாவின் தோளுக்கு மேலாக அன்னத்தாயையே பார்த்தது.

முத்துமாரிக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. "நான் என்ன குறை வச்சேன்? சோறு போடலையா, துணி எடுத்துக் குடுக்கலையா? வீட்டுப் பிள்ளை நாலு வேலை செஞ்சா குத்தமா?"

"அப்ப எதுக்கு உம் மகளக் காட்டுன?" மகிழன் கத்தினான். "மாசாமாசம் சுபாஸ்ரீயக் கொண்டாந்து எம் முன்னால உக்கார வச்சியே, எதுக்கு?"

"கயலு உள்ளதச் சொல்லிருவா. அதான்." முத்துமாரி அன்னத்தாய் பக்கம் கையை நீட்டினாள். "எனக்கு மட்டும் இந்த யோசனை தானா வந்துச்சா? இந்தக்காதான் போன்ல சொன்னாக. திரிஷா இனிமே வராது, புதுத் தம்பி வர்றாரு, அவருக்குப் பிள்ளையத் தெரியாது, நீங்கதான் கூட இருந்து பேச வைக்கணும்னு. நீங்க சொன்னீகளா இல்லியாக்கா?"

சொன்னாள். ஒரு எழுத்து மாறாமல் அப்படித்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னாள்.

அன்னத்தாய் அடுப்படிக்குள் போனாள். நியாயமாக அவள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மனுசப் புத்தி எங்கே போகிறது பாருங்கள், அப்போதும் அவள் பிள்ளையிடம்தான் குறை கேட்டாள்.

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா ஆத்தா?"

"சொன்னேன்," என்றது பிள்ளை.

"எப்ப?"

"நீங்க சுபாகிட்டக் கேட்டீகல்ல. உம் பேரென்ன, பள்ளிக்கூடம் போறியா, வயிறு நெறையச் சாப்பிடுறியா, யாரும் அடிக்கிறாகளான்னு." அவள் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைக் காட்டினாள். "நான் இங்கன நின்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். சத்தமாச் சொன்னா அடி விழும், அதான் மெதுவாச் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அன்னத்தாய் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். ஏலக்காய் அவளுக்குக் கீழே நொறுங்கியது. தலையைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, அன்றைக்கு முன்னறையில் கேட்ட முதல் கேள்வியை மறுபடி கேட்டாள்.

"உம் பேரென்ன ஆத்தா?"

பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தது. பிறகு, முன்னறை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது.

"கயல்."