சேஷனுடைய எருமை

ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அது. மகள் ஸ்மிதாவின் ஓவியக் கண்காட்சிக்குப் போவதற்கு முன்பே சேஷன் தன் செக்‌ஷன் முழுவதற்கும் பாடம் நடத்தி முடித்திருந்தார். "மாடர்ன் ஆர்ட்டைப் பார்த்து இது என்னன்னு கேக்கப்படாது. மனசுல என்ன தோணறதோ அதுதான் படம்." மகள் சொன்னதுதான். இவர் வாயில் அரசாணை மாதிரி ஒலித்தது.

சனிக்கிழமை மனைவி வாலாம்பாளுடன் கரமனையில் பஸ் ஏறிப் போனார். பக்கத்து மேஜை சத்தியதாஸ் ஹால் வாசலிலேயே காத்திருந்தார்.

நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு படம். கருஞ்சிவப்பை வாரி அடித்து, நடுவே கறுப்பில் இரண்டு வளைவு.

"எருமையல்லே சாரே இது?" என்றார் சத்தியதாஸ்.

"எருமையும் இல்லை, கழுதையும் இல்லை. உணர்ச்சி ஓய், உணர்ச்சி!" சேஷன் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்மிதா ஓடி வந்தாள். "இல்லப்பா, எருமைதான். உருவத்தை விட்டுட்டு அதோட வேகத்தை மட்டும் எடுத்துண்டேன். காலம்பற பேப்பர் வர லேட்டானா நம்மாத்துல ஒரு கோபம் வருமே, அது."

அந்த வீட்டில் பேப்பர் படிப்பது ஒருவர்தான். சத்தியதாஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அப்போ நான் எருமையா?"

"நீங்க இல்லப்பா. உங்க கோபம்."

இது ஆறுதலா என்று சேஷனுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அவளுடைய ஆசிரியர் வந்து, படத்தின் அடியில் தெரிந்த வெளிறிய சாம்பல் நிறத்தைக் காட்டினார். பயந்த எருமையாம். தன் பேச்சை யாரும் கேட்பதில்லையே என்றுதான் முட்டுகிறதாம். சேஷன் பலமாகத் தலையை ஆட்டினார். வாஸ்தவம்தான், வீட்டில் யார் கேட்டார்கள்?

வாலாம்பாளுக்கு வேறு குறை. "அப்பாவுக்கு ஒரு சுவர் முழுக்க. என்னைப் போடலையோடி?"

ஸ்மிதா தயங்கித் தயங்கி மூலையைக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. ஒரு கோடுகூட இல்லை.

"குளமாட்டமா என்ன சாந்தம்!" வாலாம்பாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஆனா இதுல மிருகம் ஒண்ணும் காணலையே?"

சேஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு தானாகச் சிலிர்த்தது.

"முதலை," என்றார். "அடியில கிடக்கு."

ஸ்மிதா வாயைப் பிளந்தாள். "எப்படிப்பா கண்டுபிடிச்சேள்?"

"அந்தக் குளத்துலதானேடி இத்தனை வருஷமா குளிக்கறேன்."

திரும்புகிற பஸ்ஸில் வாலாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. சேஷன் கம்பியைப் பிடித்து நின்றபடியே கரமனை வரை வந்தார்.