அண்ணன் மாட்டிய பிளக்

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. அதில் இருபது வருடம் தச்சுவேலை. பக்கத்துக் கடையில் தைக்கிற அண்ணன் இன்னும் பாப்பா என்றே கூப்பிடுவதால், கதவு செய்யச் சொல்லி வருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டுத் தொலைத்தார்கள்.

ஒரு வருடமாக அவளுடைய வலது மணிக்கட்டு மக்கர் செய்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று மாதம் உளியும் சுத்தியலுமாக இருந்தால் கரண்டிகூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். அது மட்டும் அவள் காதில் ஏறவில்லை. மரச்சட்டங்களைப் பொருத்துவதற்கு நீள்துளை குடைகிற கைமெஷின் ஒன்று வெளிநாட்டில் விற்பதைத் தேடிப் பிடித்தாள். அது இருந்தால் உளியே வேண்டாம், அழுத்தினால் போதும். ஒரே சிக்கல், அந்த நாட்டுக் கரண்ட் 110 வோல்ட், இங்கே 230. பாதியாகக் குறைத்துக் கொடுக்க டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆர்டர் போட்டுவிட்டாள்.

ஏழு வாரத்தில் மெஷின் வந்தது. தட்டையாக இரண்டு கால் வைத்த பிளக், இங்குள்ள எந்த ஓட்டையிலும் நுழையாது.

"நான் போய் டிரான்ஸ்பார்மர் வாங்கிட்டு வரேன்ணே. அதுவரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது."

அந்த யாரும் என்பதில் தான் சேர்த்தியில்லை என்பது அண்ணனின் எண்ணம். தையல் மெஷின் மோட்டாரை ஒரே ஒருமுறை கழற்றி மாட்டியதிலிருந்து, கரண்ட் விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. பாவம், தங்கச்சி ஒரு பிளக்குக்காக அலைகிறாள் என்று பழையதை வெட்டி எறிந்தார். உள்ளூர் மூன்று கால் பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டார். மெஷின் அலறியது. "அடேயப்பா, என்ன வேகம்," என்று பூரித்துப்போனார். மூச்சு விடுவதற்குள் புகை கிளம்பியது.

பாப்பா டிரான்ஸ்பார்மரோடு வந்து இறங்கினாள். பதினைந்து கிலோ. இடது கையாலும் இடுப்பாலும் தாங்கி, பட்டறை வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தாள். மாடி மாடியாக ஏறிக் கதவு மாட்டுகிற வேலைக்கு இந்தப் பாரத்தை எப்படிச் சுமப்பது என்ற பயம் வழியெல்லாம் அவளைப் பிடுங்கியது. அப்போதுதான் கருகல் வாடை மூக்கில் ஏறியது.

"உனக்கு உதவியாத்தான் பாப்பா..."

"எனக்கு அழுகை வருதுண்ணே. நீங்க கொஞ்ச நேரம் உங்க கடையில இருங்க."

அண்ணன் அந்தப் பிளக்கைக் கழற்றிக் குப்பைக்கூடையில் வீசிவிட்டுத் தலைகுனிந்து போனார். பாப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு, மெஷினைத் துணியில் சுற்றி, எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவரிடம் போனாள்.

"வெளிநாட்டுச் சாமானா? புதுசே வாங்கிக்கங்க," என்றார் அவர், திறந்துகூடப் பார்க்காமல்.

"புதுசு வர ஏழு வாரம் ஆகும். அதுவரைக்கும் என் கை தாங்காது. பிரிச்சுப் பாருங்க, நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"வேகம் கூட்டிக் குறைக்கிற போர்டு போச்சு. இனிமே ஒரே வேகம்தான்."

"பரவால்ல."

"கம்பி மொத்தத்தையும் பிரிச்சுத்தான் கட்டணும். எத்தனை வோல்ட்டுக்குக் கட்டட்டும்?"

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எத்தனைக்குன்னா?"

"பழையபடி 110-க்கா, இல்ல நம்ம 230-க்கா? எப்படியும் புதுசாத்தான் கட்டப்போறேன். மெலிசு கம்பி போட்டு சுத்தைக் கூட்டினா நம்ம கரண்ட்லயே நேரா ஓடும்."

பட்டறை வாசலில் கிடக்கும் பதினைந்து கிலோ டிரான்ஸ்பார்மரை நினைத்துக்கொண்டாள். இனி அதை எந்த மாடிக்கும் சுமக்க வேண்டாம். சிரிப்பதா, அண்ணனை இன்னொருமுறை திட்டுவதா என்று தெரியவில்லை.

"நம்ம கரண்ட்டுக்கே கட்டுங்க."

மூன்றாம் நாள் மெஷின் வந்தது. அந்த மூன்று நாளும் அண்ணன் பட்டறைப் பக்கம் தலைகாட்டவில்லை. பாப்பா சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"அந்தக் குப்பைக்கூடையைக் கிளறி உங்க பிளக்கை எடுங்கண்ணே. நீங்களே மாட்டுங்க."

அவர் நம்பாமல் பார்த்தார். கூடையிலிருந்து எடுத்து, திருகாணிகளை இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினார்.

"சுவிட்சை மட்டும் நான் போடுவேன்," என்றாள்.

போட்டாள். மெஷின் சீராக உறுமியது. மூன்றாவது துளை குடையும்போதுதான் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. உளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கண் கலங்கியதை அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா?"

"ஒண்ணுமில்ல. சட்டத்தை அந்தப் பக்கம் பிடிங்க. இன்னும் முப்பது துளை இருக்கு."