பத்தாவது ஆள்

ரொசால்பா உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பாதாம் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள், புருவத்தில்கூடத் தூசி.

"மிஸ், நான் உங்க க்ளாஸை விட்டுடறேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நேரத்தை மாத்திட்டாங்க. இனிமே மத்தியானம்தானாம். கார் ஓட்ட நான் ஒருத்திதான் இருக்கேன்."

கார்லீன் அவிலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்தப் பள்ளத்தாக்கு ஊரின் இரண்டு வருடக் கல்லூரியில் இயற்பியலுக்கு அவள் ஒருத்திதான். பாடம் நடத்துவது பாதி வேலை. பிள்ளைகளை மலை தாண்டிக் கடற்கரைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி. மின்சாரமும் காந்தமும் என்ற கடைசிப் பாடத்தை முடிக்காமல் அங்கே இயற்பியலுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்துப் பேர் சேராவிட்டால் இங்கே கல்லூரி அந்த வகுப்பையே இழுத்து மூடிவிடும். இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் மூடினார்கள். அப்போது மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி இப்போது ஊரில் ஏசி ரிப்பேர் பார்க்கிறாள். எங்கே பார்த்தாலும் "ஹலோ மிஸ்" என்று நன்றாகத்தான் பேசுகிறாள். கார்லீனால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இந்த முறை சரியாகப் பத்துப் பேர். கெஞ்சி, ஆசை காட்டி, வெல்டிங் படிக்க வந்த இரண்டு பேரைக்கூடப் பிடித்து இழுத்துச் சேர்த்த பத்து. திங்கட்கிழமை கணக்கெடுப்பு. அது தாண்டிவிட்டால் யார் போனாலும் வகுப்பு நடக்கும்.

"அடுத்த வாரம் பேசலாமே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அலுப்பாக இருந்தது கார்லீனுக்கு. நல்லவளாக இருப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"இன்னைக்கே விலகிடு. ரெக்கார்டுல ஒண்ணும் ஏறாது. திங்கட்கிழமை தாண்டினா, பாதியில விட்டதா ஏறிடும்."

"ஏற்கெனவே ஒண்ணு ஏறியிருக்கு மிஸ். என் சின்னப் பொண்ணு பொறந்தப்போ."

"தெரியும்."

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"கோங் மெங்குக்கு சீட் கெடச்சிருக்கு. இந்தப் பாடத்தை முடிச்சாத்தான் எடுத்துப்பாங்களாம்."

கோங் மெங் ரொசால்பாவோடு ஒரே மேசையில் சோதனை செய்கிறவன். அகதிகளாக வந்து ஸ்ட்ராபெரி பறிக்கும் ஹ்மாங் இனக் குடும்பத்துப் பையன். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனா. அவன் பெயரைச் சொன்னால் ரொசால்பாவால் தாங்க முடியாது என்று தெரிந்தேதான் கார்லீன் சொன்னாள்.

ரொசால்பா குனிந்து பூட்ஸில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"எனக்கும்தான் சீட் கெடச்சுச்சு மிஸ்."

அந்த சீட்டுக்கான சிபாரிசுக் கடிதத்தை எழுதியதே கார்லீன்தான். இந்தக் கதவருகே நின்று ரொசால்பா அம்மாவைப் பற்றிச் சொன்ன கணத்திலேயே, மனசுக்குள் அவள் பெயரை அடித்துவிட்டு மிச்சப் பேரை எண்ணத் தொடங்கிவிட்டிருந்தாள்.

"இருன்னு நேராவே கேட்டிருக்கலாம்ல" என்றாள் ரொசால்பா. குரலில் கோபம்கூட இல்லை. "திங்கட்கிழமை மட்டும் அம்மாவைப் பக்கத்து வீட்ல கூட்டிட்டுப் போகச் சொல்றேன். அப்புறம் என்னைத் தேடாதீங்க."

வந்தாள். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வாசலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டு போனாள். ரொசால்பா செப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்ள, கோங் மெங் ஸ்விட்சைப் போட்டு, கீழே இருந்த திசைகாட்டியின் முள் எவ்வளவு திரும்புகிறது என்று குறித்தான். "கல்யாணமானா பொண்டாட்டி பேச்சுக்கும் இப்படித்தான்டா திரும்புவே" என்றாள் அவள். பையன் காது சிவந்தான். மேசையே சிரித்தது. கார்லீனும் சிரித்தாள், உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை ரொசால்பாவின் முக்காலி காலி. கோங் மெங் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம் மிஸ். ரொசால்பா வந்துடுவாங்க. அவங்க பிடிச்சாத்தான் கம்பி நேரா நிக்கும்."

திசைகாட்டி முள்ளை இழுத்துவிடாமல் கார்லீன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டாள். முக்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்தாள்.

"போடு."

அவன் ஸ்விட்சைப் போடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பி ஆடுது மிஸ்."

"இல்லையே" என்றாள் அவள், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.