குளிப்பாட்ட ஓர் இடம்

செத்துக் கிடந்த மாமா தம்புவின் வாய் திறவாமல் நாடியைக் கட்டுவதற்குத் துசாந்தினி பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, செல்வநாயகம் வாசலில் நின்று செருமினார். செத்தவரின் தம்பி. அவளுக்குச் சின்ன மாமா.

"அனோஜன்ரை பஸ் பூநகரி தாண்டிட்டுதாம் பிள்ளை."

துணி நேராகக் கிழிந்தது. "உங்கடை பெறாமகன் இஞ்சை வரக்கூடாது."

"தேப்பன் செத்துக் கிடக்கிறார். சாவீட்டிலையும் கோட்டுக் கதையோ?"

"சாவீட்டுக்கு விலக்கு எண்டு நீதவான் எழுதேல்லை."

புருசன் அனோஜன் அவளுக்கும் அந்த வீட்டுக்கும் நூறு மீற்றருக்குள் வரக்கூடாது என்பது நீதிமன்றக் கட்டளை. அது முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. இடைக்காலக் கட்டளை இருந்த நாளில், வருசப்பிறப்பு என்று கெஞ்சினான். வீட்டுக்குள் விட்டாள். அன்று மாலையே அவளுக்கு இரண்டு பல் போனது. "நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்?" என்று அவனுடைய சட்டத்தரணி கேட்டார். அப்போது கூண்டில் ஏறி, மகனின் முகத்தைப் பார்க்காமல், "அடிச்சவன்தான்" என்று சொன்னவர் தம்பு. அதற்குப் பிறகு பாரிசவாதம் வந்து, மருமகளின் வீட்டுத்திட்ட வீட்டிலேயே கிடந்தார்.

"அப்ப கொள்ளி?" என்றார் செல்வநாயகம்.

"வைக்கட்டும். சுடலை தூரந்தானே."

"குளிப்பாட்டாமல் கொண்டுபோறதோ? அதுக்கும் மூத்தவன்தான் தண்ணி வாக்கவேணும். ஒரு அரை மணித்தியாலம் கண்ணை மூடு."

"கண்ணை மூடித்தான் பல்லுப் போனது."

அவர் தெருவைப் பார்த்தார். அவள் நாடியைக் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"மாமாவை வெளியிலை கொண்டுபோங்கோ. பொதுநோக்கு மண்டபத்திலை கிணறு கிடக்குது, நூறு மீற்றருக்கு அங்காலைதான். அங்கை செய்யுங்கோ."

"நீ?"

"நான் வந்தால் உங்கடை பெறாமகன் அங்கை நிக்கேலாது. கொள்ளிக்கு ஆள் வேணுமே."

"வைச்சுப் பாத்த வீட்டிலையிருந்து பிணத்தைத் துரத்திப்போட்டாள் எண்டு ஊர் சொல்லும்."

"சொல்லட்டும்."

தன் வாய்க்கரிசியை அங்கேயே மூன்று தரம் போட்டாள். புது வேட்டியையும் சவர்க்காரத்தையும் வாளிக்குள் வைத்துக் கொடுத்தாள். நாலு பேர் பாயோடு தூக்கினார்கள்.

"இடக்கையை இழுக்காதேங்கோ. அவருக்கு நோகும்."

செல்வநாயகம் அந்தக் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார்.

பத்தேகாலுக்கு, ரோட்டின் அந்தக் கோடியில், மண்டபத்தடியில் பஸ் நின்றது. இறங்கியவன் மண்டபத்துக்குப் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றான். துசாந்தினி படலையைச் சாத்திக் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டாள். அவன் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினான். நாலடி, ஐந்தடி. செல்வநாயகம் ஓடிவந்து அவனுடைய முழங்கையைப் பிடித்தார். ஏதோ சொன்னார். அவன் கையை உதறினான். பிறகு கிணற்றடிக்குத் திரும்பிப் போய், சேட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தான்.

இரண்டு பேர் மறைப்புக்கு ஒரு சேலையை விரித்துப் பிடித்தார்கள். சேலைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. எது அவனுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதல் வாளித் தண்ணீர் அவற்றுக்கிடையால் வழிந்து ரோட்டுக்கு வந்தது.