தாய்மாமன் பிளெக்ஸ்

எங்கள் வீட்டை ஒட்டிய தெருமுனை மின்கம்பத்தில் என் மச்சினன் சுந்தரபாண்டியின் மூஞ்சி தொங்கியது. ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ். கூலிங் கிளாஸ், கழுத்தில் சங்கிலி, கீழே ‘தாய்மாமன் வருகிறார்’ என்று கொட்டை எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். அதைப் படிக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

மறுநாள் என் சின்னமகள் எழிலுக்குச் சடங்கு. முறைப்படி தாய்மாமன்தான் மாலை போட வேண்டும். அவனைக் கூப்பிடவே கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மூத்தவள் பாண்டிச்செல்வி எழில் வயதில் இருந்தபோது அவள்மேல் கை வைத்தவன் அவன். பிள்ளை பத்து வருஷம் வாயைத் திறக்கவில்லை. விருதுநகரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய், அங்கே ஒரு ஆலோசகர் அம்மாவிடம் பேசப் பழகிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். பேசினால் தீருகிற காரியமா என்று அந்த அம்மாவை நான் நம்பவில்லை. இன்றைக்கும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் லீவுக்கு வரும்போது பிள்ளை தூக்கத்தில் அலறுவது நின்றிருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அந்த ஆளு மாலை போட்டா, நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேம்ப்பா. சடங்குக்கு மட்டுமில்ல, எப்பவும்” என்று போன மாசம் சொல்லிவிட்டுப் போனாள். மதிய பஸ்ஸில் வருகிறாள்.

ஏணியைச் சாத்தி அரிவாளோடு ஏறினேன். பிளெக்ஸைக் கட்டிய தெருப்பயல் மாரிக்கண்ணன் ஓடி வந்தான்.

“பெரியப்பா, என்ன செய்யுதீக? நேத்துதான் சிவகாசியில அடிச்சு வாங்கிட்டு வந்தோம்!”

“கொண்டுபோயி உன் வீட்டுல மாட்டுலே.”

என் சம்சாரம் மாடத்தி வாசலுக்கு வந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

“நான்தான் தம்பிக்குப் போன் போட்டேன். மாலையைப் போட்டுட்டு உடனே போயிருவான். தாய்மாமன் இல்லாம சடங்கு வச்சா ஊரு ஏன்னு கேக்காதா? மூத்தவ பேருதான் நாறும்.”

“நாறுறது அவ பேரா, உன் தம்பி பேரா?”

“சத்தமாப் பேசாதீக!”

நான் சத்தமாகப் பேசவில்லை. நானும் ஊருக்குப் பயந்தவன்தான். காற்றில் கிழிந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பதுதான் என் திட்டம். ஒரு பக்கக் கயிற்றை அறுப்பதற்குள் பஸ் வந்து நின்றது.

பாண்டிச்செல்வி பையோடு இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிளெக்ஸ் ஒரு பக்கம் மடங்கி அவன் மூஞ்சி பாதி தெரிந்தது. பஸ் இன்னும் கிளம்பவில்லை. திரும்பி ஏறிவிடுவாளோ என்று அவசரமாகக் குரல் கொடுத்தேன்.

“காத்துல கிழிஞ்சிருச்சு தாயி. இந்தா எடுத்துட்டேன்.”

“காத்தா? ஒரு இலைகூட ஆடலயேப்பா.”

பஸ் போய்விட்டது. அவள் ஏணிக்குக் கீழே வந்தாள்.

“யாரு கேட்டாலும் காத்துன்னு சொல்லாதீக. நீங்க அறுத்தீகன்னே சொல்லுங்க.”

“எதுக்குன்னு கேப்பாகளே தாயி.”

“அதை நான் சொல்லுதேன்.”

“எதுக்குக்கா?” என்றான் மாரிக்கண்ணன், இளித்துக்கொண்டே.

“நான் எழிலு வயசுல இருக்கையில, அந்த ஆளு என்கிட்ட அசிங்கமா நடந்துக்கிட்டாரு. ஒரு தடவை இல்ல, பல தடவை. அதுக்குத்தான்.”

அவன் இளிப்பு செத்தது. குழாயடியில் நின்ற பொம்பளைகள் குடம் நிறைந்து வழிவதைப் பார்க்கவில்லை. மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரிக்கண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“மாமாதான்க்கா.”

“ஸ்பீக்கர்ல போடு.”

“ஏலே மாரி, பிளெக்ஸ் ரோட்டுல இருந்து பார்த்தா தெரியுதா?” சுந்தரபாண்டியின் குரல்.

“நல்லாவே தெரியுது. நான் பாண்டிச்செல்வி பேசுதேன். நீ நாளைக்கு இங்கன வராத. வந்தா, உன்னைப் பக்கத்துல நிக்கவச்சே எல்லார்கிட்டயும் இன்னொருக்கா சொல்லுவேன்.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான்.

மிச்சக் கயிற்றை அறுத்தேன். பிளெக்ஸ் மண்ணில் விழுந்தது. இறங்கி வந்தேன். பிள்ளையின் பையை வாங்கப் போனேன்; தரவில்லை.

மாடத்தி வாசலை அடைத்து நின்றாள். “இப்ப மாலைக்கு யாரும்மா?” என்று அழுதாள்.

“தெரியலம்மா. நகரு.”

மாடத்தி சுவரோடு ஒதுங்கினாள். பாண்டிச்செல்வி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.