பதினேழாம் நம்பருக்குப் பதிலாக

மரியராஜுக்கு நான் தர வேண்டியது இருநூற்றெழுபது ரியால். இது அவன் கணக்கு. என் கணக்குப்படி ஒரு ஹலாலாகூடத் தர வேண்டியதில்லை. இந்த இரண்டு கணக்கும் ஒன்பது வருஷமாக ஒரே அறையில், மேல் கட்டிலிலும் கீழ்க் கட்டிலிலும் படுத்துக் கிடந்தன.

தம்மாமுக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனியின் குடியிருப்பு. அமெரிக்கா, ஜப்பான், கொரியா என்று எங்கெங்கிருந்தோ வந்த இன்ஜினியர்கள் குடும்பத்தோடு இருக்கும் இடம். உள்ளே பேஸ்பால் மைதானம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் டூட்டி. மண்ணை இழுத்துச் சமப்படுத்துவது, தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, ஆட்டம் முடிந்ததும் கூட்டுவது. நான் முதுகுளத்தூர்ப் பக்கம், பெயர் நாகலிங்கம். மரியராஜ் குளச்சல்காரன். ஊரில் இருந்தவரை நாங்கள் பேஸ்பால் என்ற பேரைக்கூடக் கேட்டதில்லை.

பிறகு எப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், வேறு வழியில்லாமல்தான். ஆட்டம் முடிகிறவரை டூட்டி முடியாது. வேலியோரம் உட்கார்ந்து பார்த்தோம். முதல் வருஷம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வருஷம் நீலச்சட்டை அணி என் அணியாகிவிட்டது. சிவப்புச்சட்டை அவனுடையது. அதற்கடுத்த வருஷம், மற்றவர்கள் வெள்ளிக்கிழமை லீவுக்கு சீக்கோ கடைத்தெருவுக்குப் போனபோது, நாங்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனோம்.

ஆட்டக்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கூட்டுவது நான். பெஞ்சுக்கடியில் கிடக்கும் தோலைப் பார்த்தே எந்த அணி எவ்வளவு பயந்தது என்று சொல்லிவிடுவேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். சட்டை முதுகில் இருக்கும் நம்பர்தான் எனக்கு ஆளுடைய பெயர். நீலத்தில் பதினேழாம் நம்பர் இருந்தான். ஒல்லியான கொரியாக்காரன், இடக்கையன். அவன் மட்டையைப் பிடித்து நின்றால் நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு எழுந்து நிற்பேன். அவன் ஒருபோதும் விதை கொறித்ததில்லை.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மைதானத்தில் நாலு மூலை. அடித்தவன், பந்து அங்கே வந்து சேருமுன், முதல் மூலையைத் தொட வேண்டும். அப்படியே ஒவ்வொரு மூலையாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. அவ்வளவுதான். அன்று சிவப்பு ஆறு, நீலம் ஐந்து. நீலத்தின் கடைசி முறை. இரண்டு பேர் அவுட். இரண்டாம் மூலையிலும் மூன்றாம் மூலையிலும் நீலச்சட்டைகள் நின்றார்கள். மட்டையோடு பதினேழாம் நம்பர். இருபது ரியாலில் தொடங்கிய எங்கள் பந்தயத்தை மரியராஜ் ஏற்றினான், நான் ஏற்றினேன், இருநூற்றெழுபதில் வந்து நின்றது. இரண்டு பந்தை அவன் அடிக்காமல் தவறவிட்டான். இன்னும் ஒன்று தவறினால் கலாஸ், ஆட்டம் முடிந்தது.

அப்போது தூசிப் புயல் வந்தது. வடக்கே வானம் செங்கல் நிறமாகி, அடுத்த நிமிஷம் எதிரே நின்றவன் தெரியவில்லை. எல்லாரும் ஓடினார்கள். விட்ட இடத்திலிருந்து இன்னொரு நாள் ஆடுவோம் என்றார்கள். அதற்குள் ப்ராஜெக்ட் முடிந்தது, பாதிப் பேர் ஊரைப் பார்க்கப் போனார்கள், பதினேழாம் நம்பரும் போனான்.

"முன்னால நின்னது செவப்பு. அப்பம் செயிச்சது செவப்பு. எடு காச" என்றான் மரியராஜ்.

"ஆட்டம் முடியவே இல்லையேப்பா" என்றேன் நான்.

ஒன்பது வருஷமாக இதையே மாற்றி மாற்றிச் சொன்னோம். பிறகு இந்த மார்ச்சில் மரியராஜுக்கு ஒரேயடியாக ஊருக்குப் போகும் ஃபைனல் எக்ஸிட் வந்தது. வந்த நாளே இருநூற்றெழுபதை எண்ணி அவன் தலையணைமேல் வைத்தேன்.

"என்னதுடே இது?"

"உன் காசு."

"அப்பம் செவப்பு செயிச்சதுன்னு உன் வாயால சொல்லு."

"அதெப்படிச் சொல்றது? பொய்யில்ல அது?"

"பின்ன காசு எனக்கு எதுக்கு? நான் என்ன உண்டியலா, வாறவன் போறவன் போட்டுட்டுப் போவதுக்கு?" காசை அப்படியே என் கட்டிலில் எறிந்தான்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். அந்த ஆட்டத்தை நினைவு வைத்திருக்கிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். அவன் விமானம் ஏறிவிட்டால் அது அரைகுறையாகவே என்னோடு கிடக்கும். சண்டை போடக்கூட ஆள் இருக்காது.

அறையில் இருந்த மணிகண்டன் சிரித்தான். "அந்த வெளாட்டுக்காரங்களே மறந்திருப்பாங்கண்ணே. நீங்க ரெண்டு பேரும் இன்னும் மைதானத்தவிட்டு எறங்கல."

மரியராஜ் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான். "லே நாகலிங்கம். இறங்கிருவமா? விட்ட இடத்துல இருந்து?"

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் போனோம். ஃபிலிப்பைன் எலக்ட்ரீஷியன் ரொமேல் அம்பயர். அவன் ஊரில் ஆடியவன், அவன் சொல்லுக்கு இரண்டு பேரும் கட்டுப்படுவது என்று பேச்சு. அவன் சிநேகிதர்களும் எங்கள் கேம்ப் ஆட்களும் சிவப்புக்காக நின்றார்கள். முதல் மூலையில் கை உறையோடு எங்கள் கேம்ப் பையன் ரெனீஷ். யார் எங்கே நிற்க வேண்டும் என்று நாங்களே நிறுத்தினோம். அதில் ஒரு சண்டையும் வரவில்லை. "அந்தத் தடியன் இன்னும் கொஞ்சம் எடதுபக்கம் நின்னான்" என்று நான் சொன்னால், "ஆமா, வயித்தச் சொறிஞ்சிக்கிட்டு" என்பான் மரியராஜ். மூன்றாம் மூலையில் மணிகண்டன், இரண்டாம் மூலையில் இன்னொரு பையன், என் நீலத்துக்காக ஓட.

பந்து எறிபவன் மரியராஜ். சின்ன வயதிலிருந்து கரைமடி வலை இழுத்த தோள் அது. பதினேழாம் நம்பருக்குப் பதிலாக நான். ஐம்பத்து மூன்று வயசு, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குப் பயமே இல்லை. பதினாலு வருஷம் பார்த்த ஆட்டம்.

முதல் பந்து வெகுதூரம் விலகிப் போனது. அப்படிப் போகிற பந்து கணக்கில் சேராது, அசையாமல் விட்டேன்.

"ஓ, தொரைக்கு எல்லாம் தெரியும்!" என்றான் மரியராஜ்.

"நீ எறிப்பா. வாயால எறியாத."

அடுத்த பந்து நேராக வந்தது. அடித்தேன். மட்டையில் பட்ட அதிர்ச்சி தோள்வரை ஏறியது. பந்து தரையோடு தரையாக, நிற்கிறவர்களுக்கு நடுவே சீறியது. "ஓடுண்ணே!" என்று கத்திக்கொண்டே மணிகண்டன் ஓடினான். அவன் வந்து சேர்ந்தான், அடுத்தவனும் வந்து சேரப் போகிறான். ஓரத்தில் ஓடிப்போய் யாரோ பந்தைப் பொறுக்கி எறிந்தது தெரிந்தது. முதல் மூலை எனக்கு நாலடியில் இருந்தது. பாய்ந்தேன். கையை நீட்டி, மூலையில் மட்டையை ஊன்றினேன். அதற்குப் பிறகுதான் ரெனீஷ் கையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது.

"உள்ள! நான் உள்ள!" என்று மண்ணில் கிடந்தபடியே கத்தினேன்.

ரொமேல் குனிந்து என்னைப் பார்த்தான். "பாய். பேட் மாஃபி. பைர் கிதர்?"

மட்டை செல்லாது, கால் எங்கே என்று கேட்கிறான். என் கால் இரண்டும் பின்னால், சுண்ணாம்புக் கோட்டின் மேல் கிடந்தன. இது பேஸ்பால். அடித்த இடத்திலேயே மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், உடம்பால்தான் மூலையைத் தொட வேண்டும். நான் ஓடியது கண்மாய்க்குள் கிரிக்கெட் ஓடின ஓட்டம்.

"அவுட்!" என்று கையை மடக்கினான் ரொமேல். மூன்றாவது ஆள் முதல் மூலையிலேயே அவுட் என்றால், ஓடி வந்த இரண்டு ரன்னும் சேராது. அது எனக்கே தெரியும்.

மரியராஜ் எறிந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் மூச்சு வாங்கியது. "பதினாலு வருசம்! எவனாவது மட்டையத் தூக்கிட்டு ஓடிப் பாத்திருக்கியாலே மக்கா? எவனாவது?"

எழுந்து மண்ணைத் தட்டினேன். முழங்கையில் தோல் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"தோத்தது நான். என் காசு, எண்ணிக்க. ஆனா நீலம் தோக்கல. பதினேழாம் நம்பர் மட்டையத் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டான். அவன் நின்னிருந்தா ஏழுக்கு ஆறு."

இப்போதும் காசை எறிவான் என்று நினைத்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் மூலையைப் பார்த்தான்.

"அவன் அப்படி ஓடியிருக்க மாட்டான், உள்ளதுதான்" என்றான். "செரிடே. நீலம் தோக்கல."

"அப்ப ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிடுதேன். ஆனா செவப்பு செயிச்சுது."

"அதெப்படிப்பா ரெண்டும்?"

"அது அப்படித்தான். கொண்டா."

வாங்கினான். ஒவ்வொரு தாளாக எண்ணினான். சரியாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுப்பிவிடச் சொல்லிக் கையை நீட்டினான்.

"கலாஸ்" என்றான்.

"கலாஸ்" என்றேன்.