தொட்டிக்குள் விழுந்த தரிசனம்

ஓய்வுநாள் மத்தியானம், தோல் சுருளை வாசித்துக்கொண்டே நடந்த யாக்கீம் பாறைத் தொட்டிக்குள் விழுந்தான்.

சபை வீட்டு முற்றத்தில் தொட்டி இருப்பது அவனுக்குத் தெரியாததல்ல. அதை வெட்டியவர்களில் அவனும் ஒருவன். ஆனால் கையில் இருந்தது கேனான் கண்ட தரிசனம். உலகை அழித்த பெருவெள்ளத்துக்கு முன்னால் வாழ்ந்த கேனானை ஒரு தூதன் வானத்துக்குக் கூட்டிப்போய், மழையைப் பூட்டி வைத்திருக்கும் அறையையும், பிந்தி வந்த நட்சத்திரங்களின் சிறையையும், ராஜாக்களை நிறுக்கும் தராசையும் காட்டுகிறான். கடைசியில் உலகம் முடியும் அந்த நாள் எப்போது வரும் என்பதையும் சொல்லிவிடுகிறான் என்று பேச்சு. எருசலேம் ஆசாரியர்கள் கையில் கிடைத்தால் நேரே அடுப்புக்குப் போகும். இருந்த இன்னொரு பிரதி எரிகோவில் அப்படித்தான் போனது. இது நேற்றுப் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உப்புக்கடல் கரைக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலக் கூட்டத்தில் யாக்கீம்தான் வாசிக்க வேண்டும். அதுவரை பொறுக்க அவனால் முடியவில்லை.

தொட்டியை மூடியிருந்த பலகை முறிந்த சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அவன் மனைவி சிப்ரா. குனிந்து பார்த்தாள். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த தொட்டியின் அடியில், சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, உசுரு இருக்கா?"

"சுருளுக்கு ஒண்ணும் ஆகல."

"நான் உங்களக் கேட்டேன்."

"கணுக்கால் பிசகியிருக்கு. அது கெடக்குது. நட்சத்திரத்த எதுக்குச் சிறையில போட்டாங்கன்னு தெரியுமா சிப்ரா?"

அதற்குள் பாளையமே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு பெனாயா பழக்கதோஷத்தில் கயிற்றை எடுக்கப் போனவன், பாதி வழியில் நின்றுவிட்டான். ஓய்வுநாளில் எந்த வேலையும் கூடாது என்பது சபைச் சட்டம். ஒரு மனிதன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால்கூடக் கயிறு கூடாது, ஏணி கூடாது, எந்தக் கருவியும் கூடாது. உடுத்தியிருக்கும் துணியை இறக்கி ஏற்றலாம். ஆடு மாடு விழுந்தால் அதுவும் இல்லை.

"போன வருசம் என் ஆடு இதே தொட்டியில விழுந்துச்சு," என்றான் பெனாயா, குனிந்து கீழே பார்த்தபடி. "சட்டத்த எடுத்துச் சொன்னது யாரு யாக்கீம்?"

"நான்தான்."

"ராத்திரி வரைக்கும் கத்துச்சு."

"நீ இப்ப கத்துற மாதிரி."

கண்காணிப்பாளர் எலியாசிப் கையை உயர்த்தினார். "சகோதரர்களே, துணியக் கழட்டுங்க."

முடிச்சுப் போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. முடிச்சும் வேலைதான், வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துக்கொள்ளலாம் என்று தீர்ந்தது. கனவான்களெல்லாம் இடுப்புத் துணியோடு வரிசையில் நின்றார்கள். எலியாசிப்பின் கால் இவ்வளவு ஒல்லி என்று யாருக்கும் அதுவரை தெரியாது. கூட்டத்தில் கெக்கலித்துச் சிரித்தால் ஒரு மாதம் அப்பத்தில் பங்கு குறையும். பெண்கள் எல்லோரும் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிப்ராவும் தன் மேலங்கியைக் கழற்றிக் கடைசியில் கோத்தாள். துணிவடம் இறங்கியது.

"ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க. முடிச்சு இல்ல, விட்டா விழுந்துருவீங்க."

"அப்ப சுருளு?"

"இடுப்புல சொருகிக்குங்க."

"அது ஆகாதும்மா," என்றார் எலியாசிப். "மனுசனத்தான் தூக்கலாம். சாமானத் தூக்க விதி இல்ல."

சிப்ரா புருசன் முகத்தைப் பார்த்தாள். அவனாவது எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். யாக்கீம் தலையை ஆட்டினான்.

"ஐயா சொல்றது சரிதான். ஆட்டுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா? பொழுது சாயட்டும். நான் இங்கயே இருக்கேன்."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. நனைந்த புழுதியின் வாடை. தலைக்கு மேலே வானம் துடைத்த மாதிரி இருந்தது. ஆனால் மேற்கே, எருசலேம் பக்கத்து மலைகளுக்கு மேல், கறுத்துக் கிடந்தது. அங்கே பெய்தால் போதும், ஓடை வழியாக வெள்ளம் இங்கே வந்துவிடும். ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால் நேரே இந்தத் தொட்டியில்தான் விழுகிறது. வாய்க்கால் மடையை அடைப்பதும் வேலை.

"பொழுது சாயற வரைக்கும் தாங்காது," என்றான் பெனாயா. இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

கீழே யாக்கீம் சுருளை இன்னும் இறுக்கிக்கொண்டான். அவனை சிப்ராவுக்கு நன்றாகத் தெரியும். சுருளைக் கைவிடமாட்டான். அவனைக் கெஞ்சிப் பிரயோசனமில்லை. சட்டத்தைச் சட்டத்தால்தான் பிடிக்க வேண்டும்.

"ஐயா, ஓய்வுநாள்ல வாசிக்கிறது வேலையா?"

எலியாசிப் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வாசிக்கிறதா? ஓய்வுநாளே அதுக்குத்தானம்மா."

"கேட்டு மனசுல வச்சுக்கிறது?"

கிழவரின் கண் விரிந்தது. அடுத்த கணம் அவர் வெறும் காலோடு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தார், ஆட்களைத் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டே. "நீ முதல் பகுதி. பெனாயா, நீ நட்சத்திரம். மழை அறைய யாரு எடுக்கிறா?"

"நான்," என்றாள் சிப்ரா.

யாக்கீம் வெயில் விழும் இடத்துக்கு நொண்டி வந்து சுருளை விரித்தான். பாறைக்குள்ளிருந்து குரல் கிளம்பியபோது எல்லோருக்கும் மயிர் கூச்செறிந்தது. கேனானே பூமிக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது. ஒரு வாக்கியம் அவன் சொல்ல, அந்தப் பகுதிக்காரர் திருப்பிச் சொல்ல, மற்றவர்கள் உதடுகளை அசைத்தார்கள். பெனாயா தன் பங்கு முடிந்ததும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அதையே முனகிக்கொண்டிருந்தான். யாராவது பேச்சுக் கொடுத்தால் காதைப் பொத்தினான்.

மழை அறை வந்தது. மழையெல்லாம் தண்ணீர் சுமக்கும் தோல் பைகளான துருத்திகளில் கட்டித் தொங்குகிறது. ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் ஊரின் பெயர். சிப்ரா கண்ணை மூடித் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் சிந்தவில்லை.

அவள் கண்ணைத் திறந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் பழுப்பு நுரை, பிறகு சுள்ளி, பிறகு தடதடவென்று வெள்ளம். தொட்டிக்குள் யாக்கீம் சுருளைத் தலைக்கு மேல் தூக்கினான். வாசிப்பு ஓட்டமானது. தராசு வந்தது, ராஜாக்கள் வந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

"போதும், பிடிங்க."

"ஒரே ஒரு பத்தி சிப்ரா. நாளு இதுலதான் இருக்கு."

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு பத்திக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எலியாசிப்கூட. யாரும் அவனை வா என்று சொல்லவில்லை என்பதை சிப்ரா பார்த்தாள்.

"'அப்போது தூதன் சொன்னான், கேனானே, அந்த நாள்...'"

மடைப்பக்கமிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. யாக்கீம் தடுமாறி, முங்கி, எழுந்து, மறுபடியும் வரியைத் தேடினான்.

சிப்ரா விளிம்பில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள்.

"இதக் கேளுங்க. இப்பவே பிடிக்கலன்னா மழை அறைய நான் மறந்துருவேன்."

"என்னது?"

"ஒரு வார்த்த விடாம மறந்துருவேன். அந்தத் துருத்தி, அந்த ஊர்ப் பேரு, எல்லாம். உங்க கேனான் வானத்துல ஒரு அறை குறைவாத்தான் பாத்தாருன்னு ஆயிரும்."

யாக்கீம் அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவள் செய்துவிடுவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். சுருளைத் தண்ணீரின் மேல், தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தான். இரண்டு கையாலும் துணியைப் பிடித்தான்.

இடுப்புத் துணிக்காரர்கள் அத்தனை பேரும் இழுத்தார்கள். கோத்த துணி கிறீச்சிட்டது, ஆனால் விடவில்லை. யாக்கீம் மேலே வந்து விழுந்து, இருமி, முதலில் சொன்னது, "மழை அறையச் சொல்லு."

சொன்னாள். நடுங்கிக்கொண்டே கேட்டான்.

"நாள் எதுன்னு கண்ணுல பட்டுச்சா?" என்று எலியாசிப் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

அவர் சிப்ராவைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் தன் ஈரத் துணியைத் தேடி எடுத்துக் கால்களை மூடிக்கொண்டார்.

ஓய்வுநாள் முடிந்து முதல் நட்சத்திரங்கள் தெரிந்ததும் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவன் பெனாயா. மேலே கொண்டுவந்தது மை கரைந்த வெறும் தோல். "என் ஆடு இதவிட நல்லாருந்துச்சு," என்றான். யாரோ கெக்கலித்துவிட்டார்கள். அன்றைக்கு யாரென்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

விளக்குகளை ஏற்றிப் புதுத் தோலை விரித்தார்கள். ஒவ்வொருவராகச் சொல்ல, எலியாசிப் எழுதினார். மழை அறை வந்தது. சிப்ரா கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே போனாள்.

"'அறையின் தளம் திறந்தது, கேனான் ஆழத்தில் விழுந்தான். அப்போது தூதன் தன் அங்கியைக் கழற்றி இறக்கி, அவனைத் தூக்கினான்.'"

எழுதுகோல் நின்றது. சிப்ரா கண்ணைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"யாக்கீம்," என்றார் எலியாசிப். "இது சுருள்ல இருந்துச்சா?"

யாக்கீம் போர்வைக்குள் அந்த வரியை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"நான் வாசிச்சப்ப இல்ல ஐயா. ஆனா இப்பக் கேக்கும்போது, இது இல்லாம எப்படி வாசிச்சேன்னு தெரியல."

எலியாசிப் மையைத் தொட்டார். அதை எழுதினார். கடைசியில், 'கேனானே, அந்த நாள்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு பத்தி அளவு தோலை வெறுமனே விட்டார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்:

"அங்கி வெள்ளையாம்மா?"

"என்னுது பழுப்புதானே ஐயா," என்றாள் சிப்ரா.